குழாயில் தண்ணீர்ச் சத்தம்

மூக்கில் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்பது கடலில் விழுந்தவனுக்குத் தெரியும். மெத்தையில் படுத்தபடி அதை அனுபவித்தவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். மீமிசல் பக்கம் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் மூக்கில் ஏறுவது உப்புத் தண்ணீர். என் மூக்கில் ஏறியது என் மனைவி காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றிய நல்ல தண்ணீர்.

எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதி. குறட்டை விட்டுக்கொண்டே இருப்பேன், திடீரென்று குறட்டை அறுந்துவிடும். கூடவே மூச்சும் அறுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து, மூழ்கினவன் தலையைத் தூக்குகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்து மறுபடியும் ஆரம்பிப்பேன். ராத்திரி முழுக்க இதே கூத்து. இதற்கென்று ஒரு மிஷின் இருக்கிறது. படுக்கப்போட்ட டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். அறைக் காற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் சின்னத் தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, அந்த ஈரத்தோடு காற்றைக் குழாய் வழியாக அனுப்பும். குழாயின் மறுமுனையில் மாஸ்க். அதை மூக்கில் வைத்து, பட்டையை மண்டைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், உள்ளே போகும் காற்று தொண்டையை அடைக்கவிடாது.

ஈரமில்லாத வெறும் காற்று என்றால் விடிவதற்குள் மூக்கு காய்ந்து ரத்தம் கசியும். அதனால் ஈரம் வேண்டும். ஆனால் அந்த ஈரம் குழாய்க்குள்ளேயே தண்ணீராக மாறி, சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, நான் புரளும்போது மொத்தமாக மூக்குக்கு வந்தால்? கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கோ ஊர் திரும்பிய முதல் வருஷம் முழுக்க இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது.

எனக்கு இந்த வியாதி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. வளைகுடாவில் நான் பாதி வாழ்நாளைக் கழித்த கேம்ப் அறைதான். கட்டிலுக்கு மேல் கட்டிலாக ஆறு பேர். என் மேல் கட்டிலில் அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர். என் குறட்டை அவருக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. சத்தம் இருக்கும்வரை அயர்ந்து தூங்குவார். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார். விழித்தவர் கீழே குனிந்து, ரப்பர் செருப்பால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"யோவ், மூச்ச விடுய்யா! ஒன்னையப் பொட்டியில வச்சு ஊருக்கு அனுப்புறதுக்கு யாரு அலையிறது?"

செருப்படி வாங்கிக்கொண்டு நான் நன்றி சொன்னது அவர் ஒருவருக்குத்தான். அப்புறம் அவரே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்பெனி டாக்டரிடம் காட்டினார். மிஷின் வந்தது. அந்த அறையில் மேஜை கிடையாது, அலமாரி கிடையாது. மிஷினை என் கீழ்க் கட்டிலுக்கு அடியில் தரையில் வைத்து, குழாயைப் போர்வைக்குள்ளே கொண்டுவந்து மாட்டிக்கொள்வேன். ஏசி எந்நேரமும் ஓடும். அங்கே இருந்தவரை ஒரு சொட்டுத் தண்ணீர் என் மூக்குக்கு வந்ததில்லை. அதனால் தண்ணீர் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

ஊரில் வீடு கட்டும்போது என் பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். டைல்ஸ் என்ன நிறம், கேட் எந்தப் பக்கம் என்பதெல்லாம் என் மனைவியின் பாடு. எனக்கு ஒரு படுக்கையறை, அதில் ஏசி. கேம்ப்பில் குளிரைக் கூட்டுவதும் குறைப்பதும் கம்பெனி கையில் இருந்தது. பகல் முழுக்க மொட்டை வெயிலில் கட்டடக் கூரைமேல் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, ரிமோட்டைத் தன் கையில் பிடித்து, தன் விரலால் பதினெட்டு என்று அழுத்துவதைவிடப் பெரிய சொகுசு எதுவும் தெரியாது. வந்த முதல் நாளே பதினெட்டில் வைத்தேன். இனி ஒரு நம்பர் ஏறாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அத்தனை வருஷ வெயிலுக்கும் அதுதான் என் பதில்.

என் மனைவி முதல் இரண்டு மூன்று இரவுகள் அந்த அறையில் படுத்துப் பார்த்தாள். இரண்டு போர்வை, தலைக்கு முக்காட்டுக்கு மேல் ஒரு துண்டு. காலையில் எழுந்து முழங்காலை நீவிக்கொண்டே வெந்நீர் வைக்கப் போவாள். நாலாம் நாள் காலையில் டீயை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"முட்டி ரெண்டும் புடிச்சுக்கிருச்சுங்க. நான் அங்கிட்டே படுத்துக்கிறேன்."

அங்கிட்டு என்றால் ஹால். வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனுக்குக் கீழே ஒரு பாய். நான் இல்லாத வருஷங்களில் அவள் படுத்த இடம் அதுதான். பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கேட் சத்தம் கேட்கிற தூரத்தில் படுப்பாள். ஆம்பிள்ளை இல்லாத வீட்டில் அப்படித்தான் படுக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டிருந்தாள். இப்போது ஆம்பிள்ளை வந்துவிட்டான், சட்டம் மாறவில்லை.

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது? வருஷக் கணக்கில் போனில் பேசிய புருஷன் பெண்டாட்டி நாங்கள். அரிசி இருக்கிறதா, கரண்ட் பில் கட்டியாச்சா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றெல்லாம் கேட்கத் தெரியும். என் பக்கத்தில் வந்து படு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஐம்பது தாண்டிய மனிதன், மகளைக் கட்டிக்கொடுத்தவன், அதை எப்படிக் கேட்பது? குளிர் வெளியே போகக்கூடாது என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சின்ன வயசில் ஒரே அறையில் கூடப்பிறந்தவர்களோடு வரிசையாகப் படுத்தவன் நான். அப்புறம் கேம்ப், அங்கே ஆறு பேர். என் வாழ்க்கையில் தனியாக ஒரு அறையில் படுத்தது என் சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். மூச்சு நின்றால் செருப்பால் தட்ட ஆள் இல்லை. அந்தப் பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் பயம் மட்டுமில்லை. எனக்கு அவள் அந்த அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் புரளும் சத்தமாவது கேட்க வேண்டும். இதற்காகத்தானே வந்தேன் என்று தலையணையிடம் கேட்பேன். பதில் சொன்னது மிஷின்தான்.

அதுவும் தண்ணீரில் சொன்னது.

முதலில் மாஸ்க்கின் ஓரத்தில் ஈரம். அடுத்து மேலுதட்டில் சொட்டு. அப்புறம் ஒருநாள் புரண்டு படுத்தேன், அரை டம்ளர் தண்ணீரை யாரோ மூக்கில் கவிழ்த்த மாதிரி இருந்தது. தும்மி, இருமி, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாஸ்க் இல்லாமல் தூங்கினால் மறுநாள் தலை பாறாங்கல்லாகக் கனக்கும். பள்ளிவாசலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவேன். "வெளிநாட்டுக்காரரு தூங்கியே பழகிட்டாரு" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வரும்.

கோபம் வந்தால் பழிபோட ஆள் வேண்டும். முதலில் கடலைத் திட்டினேன். இந்த உப்புக் காற்றில் எந்த மிஷின்தான் ஒழுங்காக ஓடும் என்றேன். அப்புறம் மனைவி ஊற்றிய தண்ணீரைத் திட்டினேன். மெடிக்கல் கடையில் சுத்திகரித்த தண்ணீர் கேட்டபோது, கடைக்காரர் யோசிக்காமல், "பேட்டரி கடையில கெடைக்கும் பாய், போய்ப் பாருங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வண்டி பேட்டரிக்கு ஊத்துற தண்ணியவா மூக்குல ஏத்துவீங்க? ஏங்க, ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு நியாயம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. விர்ரென்று எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் இந்த மிஷின்களை விற்கிற திருச்சிக் கடை ஒன்றுக்குப் போன் போட்டேன். எடுத்த ஆள் கேட்ட முதல் கேள்வி: "சார், மிஷினு எங்க வச்சிருக்கீங்க? ஒங்க தலைக்கு மேலயா, கீழயா?"

மேலேதான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த எந்தச் சாமானும் எங்கள் பக்கத்து வீடுகளில் தரையில் உட்காராது. அதற்கென்று ஷோகேஸ் இருக்கும். செண்ட் பாட்டில், ஃப்ளாஸ்க், எரியாத டார்ச் லைட், காலியான பால்மாவு டின், எல்லாம் அங்கே ஏறி நிற்கும். நான் மிஷினோடு வந்து இறங்கியதும் என் மனைவி அதைத் துடைத்து, கட்டில் தலைமாட்டிலிருந்த ஷோகேஸ்மேல் வைத்து, பகலில் பூப்போட்ட துணி வேறு போர்த்திவைத்தாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மிஷின் மேலே, மூக்கு கீழே. நடுவில் சறுக்கு மரம் மாதிரி குழாய். உள்ளே சேர்ந்த தண்ணீர் வேறு எங்கே போகும்?

"தலைக்குக் கீழ வைங்க சார். தண்ணி தொட்டிக்கே திரும்பிப் போயிரும்," என்றான். அதோடு விட்டிருக்கலாம். "ஏசி எத்தனையில வைக்கிறீங்க?" என்று கேட்டான்.

"பதினெட்டு."

"அய்யய்யோ. இருபத்தாறுக்கு ஏத்துங்க சார்."

போனை வைத்துவிட்டேன். என் ஏசியின் நம்பரைச் சொல்ல இவன் யார்?

மிஷினை மட்டும் இறக்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான மரப்பலகை. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கால் படுற எடத்துலயா வைக்கிறீங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால், நான் பட்டம் வாங்கிய மகனைத் தின்பண்டம் விற்க அனுப்பிவிட்டேன் என்று நினைக்கத் தோன்றும். தாழ்த்தியதில் பலன் இருந்தது. மூக்குக்குத் தண்ணீர் வருவது நின்றது. ஆனால் குழாய் கட்டிலிலிருந்து தொங்கி வளைகிற இடத்தில் மிச்சத் தண்ணீர் தங்கிவிடும். நான் மூச்சு விடும்போதெல்லாம் அங்கே கொளக், கொளக் என்று சத்தம். தூக்கம் பிடிக்கிற நேரம் பார்த்து அது ஆரம்பிக்கும். மாஸ்க்கின் உள்பக்கம் விடிகாலையில் நசநசவென்று நனைந்திருக்கும். எழுந்து உட்கார்ந்து குழாயைத் தூக்கி, தண்ணீரைத் தொட்டிக்கு வடித்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு படுப்பேன். ஈரத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். மூக்கு எரிந்தது. மறுபடி கூட்டினேன்.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வளைகுடாவில் நான் செய்தது குழாய்க்குப் போர்வை சுற்றும் வேலை. பெரிய கட்டடங்களுக்கு ஏசி என்றால், கூரையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் குழாய்களில் ஓடிவரும். அந்தக் குழாயை வெறுமனே விட்டால் வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து சொட்டும். நாங்கள் அதைக் குழாய் வேர்க்கிறது என்போம். வேர்த்தால் கீழே இருக்கிற சீலிங் நாசம். அதனால் கறுப்பு ரப்பர் ஸ்பாஞ்சை அளந்து வெட்டி, இடைவெளி விடாமல் சுற்றி, மூட்டுக்கு மூட்டு டேப் ஒட்ட வேண்டும். நகம் நுழைகிற இடம் விட்டால்கூட அங்கே வேர்த்துவிடும். நான் சுற்றிய குழாய் வேர்த்தது என்று ஒரு சூப்பர்வைசரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் படுக்கையில் ஒரு விரல்தடிமன் குழாய் வேர்த்துக்கொண்டிருந்தது.

இது நம்ம வேலையாச்சே என்று ஒரு நாள் உற்சாகம் வந்தது. புதுக்கோட்டைக்குப் போய் ஏசி மெக்கானிக் கடையில் மெல்லிய ஸ்பாஞ்ச் வாங்கிவந்தேன். ஹாலில் உட்கார்ந்து, கத்தியால் வெட்டி, குழாய் முழுக்கச் சுற்றி, டேப் ஒட்டினேன். ஊர் திரும்பிய பிறகு நான் செய்த முதல் வேலை அது. கை மறக்கவில்லை. என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். என் வேலையை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அத்தனை வருஷமாக நான் என்ன செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "ஏசி கம்பெனியில இருக்காரு" என்று சொல்லிச் சமாளித்தவள்.

"இதத்தான் அங்கிட்டுச் செஞ்சீங்களா?"

"இதேதான். இதவிடப் பெருசு. ஒரு ஆளு உள்ள நடந்து போவலாம்."

"பாம்புக்குச் சட்டை தச்சாப்புல இருக்கு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் குழாய் சுற்றியிருப்பேன். சிரித்து முடித்து, "சத்தம் வருமா இனி?" என்று கேட்டாள். வராது என்றேன், பெருமையாக. அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஏன் முகம் மாறியது என்று புரியவில்லை.

சத்தம் வந்தது. குறைந்திருந்தது, நிற்கவில்லை. விடியும் நேரத்தில் குழாயின் வளைவில் மறுபடி கொளக், கொளக். மாஸ்க் நனைந்துதான் இருந்தது. மாஸ்க்குக்குப் போர்வை சுற்ற முடியாதே. என் கைவேலை தோற்றதில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"அத்தா, பேசாம ஹால்லயும் ஒரு ஏசி போட்ருங்க. அம்மாவும் பழகிக்கிருவாங்க," என்றாள். நான் தண்ணீரைப் பற்றிப் புலம்பினால் அவள் எதற்கு அம்மாவைப் பற்றிப் பேசினாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பினேன். என் மனைவி முழங்கால் வலி என்று வரவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். மழைக்கு எல்லா ஜன்னலையும் ஷட்டர் போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே ஒரே புழுக்கம், ஈரத் துணி வாசனை. நான் டிரைவருக்குப் பின்னால் என்ஜின் பக்கத்தில் ஒண்டி நின்றேன். முன்கண்ணாடி புகைபோட்ட மாதிரி மங்கிக்கொண்டே வந்தது. வெளியே வைப்பர் போய்ப் போய் வந்தது, ஒரு பிரயோசனமும் இல்லை. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையில் அழுக்குத் துணியால் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தார். துடைத்த இடம் தெளிந்தது, மறுபடி மங்கியது.

"இம்புட்டுப் பேரும் மூச்ச விட்டா என்னத்தத் தெரியும்?" என்று கண்டக்டரிடம் அலுத்துக்கொண்டார்.

நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே மழையில் கண்ணாடி சில்லென்று கிடக்கிறது. உள்ளே ஜனங்களின் மூச்சு, கதகதப்பாக, ஈரமாக. அது கண்ணாடியில் பட்டதும் ஈரத்தைக் கீழே போடுகிறது. நான் காலமெல்லாம் பார்த்தது உள்ளே குளிரும் வெளியே சூடும். அங்கே குழாய் வெளிப்பக்கம் வேர்க்கும். என் படுக்கையில் அது தலைகீழ். குழாய்க்குள்ளே போவது சூடான ஈரக்காற்று, குளிர் வெளியே இருக்கிறது. அதனால் உள்பக்கம் வேர்க்கிறது. போர்வை கொஞ்சம் தாங்கும், ராத்திரி முழுக்கத் தாங்காது. ஐஸ்பெட்டி மாதிரி ஒரு அறையைச் செய்து அதன் நடுவில் படுத்துக்கொண்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வருஷம் முழுக்க ஊரைத் திட்டியிருக்கிறேன். திருச்சிக்காரன் ஒரே வாக்கியத்தில் சொன்னான். நான் போனை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து நனைந்த சட்டையைக்கூட மாற்றாமல் ரிமோட்டை எடுத்தேன். பத்தொன்பது, இருபது என்று ஒவ்வொரு நம்பராக ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அது கீச் என்றது. இருபத்தாறில் நிறுத்தினேன். என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது, பொய் சொல்வானேன். என் மனைவி ஈரத்துண்டை வாங்கிக்கொள்ள வந்தவள், ரிமோட்டையும் என்னையும் பார்த்தாள். துண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்குப் படுத்ததும் கசகசவென்று இருந்தது. இந்தப் புழுக்கத்தில் எங்கே தூங்குவது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை. அப்படி ஒரு தூக்கம்.

விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தத்தில் விழித்தேன். மூக்கு காயவில்லை, நனையவும் இல்லை. மாஸ்க்கைத் தொட்டேன், உலர்ந்திருந்தது. குழாயைத் தூக்கிக் காதருகே ஆட்டிப் பார்க்கலாம் என்று இழுத்தேன், வரவில்லை. எதிலோ மாட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்தபடியே என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கறுப்புச் சட்டை போட்ட அந்தக் குழாய் அவள் கைக்குள் இருந்தது.

மாஸ்க்கோடு பேச முடியாது. வாயைத் திறந்தால் காற்று வாய்வழியாகப் பீறிடும். நான் அசையாமல் படுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நரை இவ்வளவு கூடிவிட்டது எனக்குத் தெரியாது. அவள் தூங்கி நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பாங்கு முடிந்த அமைதியில் அவளே திடுக்கிட்டு விழித்து, முதலில் குழாயை அழுத்திப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண் திறந்திருந்ததைக் கண்டு சட்டென்று எழுந்து, "டீ போடுறேன்," என்று போய்விட்டாள்.

தொழுதுவிட்டு வந்து அடுப்படியில் அவள் பக்கத்தில் நின்றேன். பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அங்க வந்து ஒக்காந்திருந்த?"

"சத்தத்தக் காணோம்."

"என்ன சத்தம்?"

"அதான், அந்தத் தண்ணிச் சத்தம். கொளக்கு கொளக்குன்னு. மிஷினு சத்தம் கதவுக்கு வெளிய கேக்கிறதில்ல. அந்தத் தண்ணிதான் கேக்கும். நீங்க மூச்சு விட்டா அது கொளக்குங்கும்." அடுப்பைக் குறைத்தாள். "தெனமும் எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நிப்பேன். ரெண்டு மூணு தடவ அது கேட்டுச்சுன்னா போய்ப் படுத்துக்கிருவேன். நேத்து எம்புட்டு நேரம் நின்னும் கேக்கல. போயிட்டீங்களோன்னு நெனச்சுட்டேன். உள்ள வந்து கொழாயப் புடிச்ச பெறகுதான் மூச்சு ஓடுறது தெரிஞ்சுச்சு."

"இத்தன நாளும் உள்ள வந்து பாக்குறதுக்கு என்ன?"

"நீங்க கதவச் சாத்திக்கிட்டுப் படுக்குறீங்க. நான் என்னத்த நெனைக்கிறது?"

அந்தச் சத்தத்தை ஒழிக்கத்தான் ஒரு வருஷமாக மிஷினை இறக்கினேன், குழாயைச் சுற்றினேன், கடலிலிருந்து கடைக்காரன்வரை எல்லாரையும் திட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, பிடித்துக்கொண்ட முழங்காலோடு, அதே சத்தத்துக்காகக் காத்து நின்றிருக்கிறாள். உள்ளே நான் தனியாகக் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். டம்ளரை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "இனிமே அந்தச் சத்தம் வராதா?"

"வராது. குளிரக் கொறச்சாச்சு."

"அப்ப நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

இத்தனை நாளும் வராத வாய் அன்றைக்கு வந்தது. "பக்கத்துல படுத்தாத் தெரியும்," என்றேன்.

ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. டீயை டம்ளரில் ஊற்றி, மேடையில் வைத்து, என் பக்கம் நகர்த்தினாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"கதவத் தெறந்து வச்சாத்தான் வாசல் கேட் சத்தம் கேக்கும்," என்றாள், பின்னாலிருந்து.

"தெறந்தே வைப்போம். ஏசியையே அமத்திருவோம்."

"ஃபேன எத்தனையில வைப்பீங்க?"

"மூணு."

"ரெண்டுல வைங்க, போதும்," என்றாள்.